கொய்யாவுக்கு வைட்டமின் சி டானிக் தெளிக்கலாமா?

கேள்வி: ஆயக்குடி பக்கம் ஒன்றரை ஏக்கரில் லக்னோ-49 கொய்யா வைத்திருக்கிறேன். வைட்டமின் சி டானிக் தெளித்தால் பழத்தில் சத்து கூடி நல்ல விலைக்குப் போகும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

பதில்: அந்தக் காசுக்கு நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று வாங்குங்கள். வைட்டமின் சி-யை மரத்துக்கு நாம் ஊட்ட வேண்டியதில்லை. தன் சர்க்கரையை மானோஸ், காலக்டோஸ் என்று படிப்படியாக மாற்றி அதுவே செய்துகொள்ளும். இந்த வழியைப் பிரிட்டனில் ஸ்மிர்னாஃப், வீலர் குழுவினர் 1998-இல்தான் கண்டு சொன்னார்கள். நடுவில் ஒரு நொதி (என்சைம்) மதகு மாதிரி நிற்கிறது. செல்லில் வைட்டமின் சி நிறைந்துவிட்டால் மதகு தானாக இறங்கிவிடும். அப்புறம் வெளியிலிருந்து ஊற்றி என்ன பயன்?

மதகைத் தூக்குவது வெளிச்சம். வெயிலில் வேலை செய்யும் இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது செல்லை அரிக்கும். அதை அடக்கத்தான் மரத்துக்கு வைட்டமின் சி.

உங்கள் வீட்டு ஆடும் வைட்டமின் சி-யை ஈரலில் செய்துகொள்கிறது, ஆனால் வேறு வழியில். அதன் கடைசி நொதி வேலை செய்யும்போது பெராக்சைடும் கூடவே வரும். செடிகளின் மூதாதையிடமும் அந்த நொதி இருந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பச்சையம் வந்து வெயிலில் வாழத் தொடங்கிய பிறகு அது சரிப்படவில்லை. நெருப்பை அணைக்கப் போகிறவன் கையில் கொள்ளிக்கட்டை எதற்கு? செடிகள் அதை விட்டுவிட்டு, பெராக்சைடு கக்காத வேறொரு நொதியை வைத்துக்கொண்டன. ஆட்டிடம் உள்ள அந்த மரபணு நமக்கும் குரங்குக்கும் பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் நாம் கொய்யாவைத் தேடிப் போகிறோம், ஆடு தழையோடு திருப்தியாக இருக்கிறது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் போன பருவத்துக் கிளை நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிடுங்கள். உள்கிளைக் காய்க்கும் வெளிச்சம் படட்டும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் நிழலும் கூடும், வைட்டமின் சி-யும் குறையும். கரும்பச்சை மாறி இளமஞ்சள் தட்டும்போது காலையிலேயே பறித்து நிழலில் வையுங்கள். மரத்திலேயே கனிந்து குழைந்தால் சத்து இறங்கிவிடும். விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எந்த வியாபாரியும் வைட்டமினை அளந்து பார்த்து விலை போடுவதில்லை; பருமனையும் தோலையும்தான் பார்ப்பார்.