ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்: கச்சான் காலத்தில் என்ன செய்வது?

கேள்வி: மூதூரில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 64 வயது. 30/70 கலப்பு இன்சுலின் காலையில் 20 அலகும் இரவில் 12 அலகும் போடுகிறோம். மாதம் ஒரு தடவை திருகோணமலைக்குப் போய் கிளினிக்கில் மருந்து எடுப்போம். வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டதால் குப்பியை ஐஸ்கட்டி போட்ட பெட்டிக்குள் வைக்கிறோம். கச்சான் என்ற வெக்கைக் காற்று தொடங்கியதில் இருந்து அம்மாவுக்குச் சீனி ஏறியே நிற்கிறது. மருந்து பழுதாகிவிட்டதா? அளவைக் கூட்டலாமா?

பதில்: அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம், ஊசியை நிறுத்தவும் வேண்டாம். முதலில் அந்த ஐஸ் பெட்டியில் இருந்து குப்பியை வெளியே எடுங்கள்.

வெக்கையில் மருந்து கெட்டுவிடும் என்ற பயத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இன்சுலினுக்கு நம் ஊர் வெக்கையை விட உறைதல் பெரிய கேடு. கலப்பு இன்சுலின் பால்போல் கலங்கியிருப்பது அதில் மிதக்கும் நுண்ணிய படிகங்களால். ஒரு தடவை உறைந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பிறகு இளகினாலும் பழைய நிலைக்கு வராது. ஒரு நாள் எடுக்கும் 20 அலகில் மருந்து கூடுதலாக இருக்கும், மறுநாள் குறைவாக இருக்கும். ஐஸ்கட்டியில் நேரே சாய்ந்து கிடந்த குப்பி, ஃபிரீசருக்குப் பக்கத்திலோ ஃபிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டியோ இருந்த குப்பி, இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. உறைந்ததென்று தெரிந்தால் கழித்துவிடுங்கள்.

உங்கள் குப்பியை இப்படிச் சோதியுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து 10 தடவை மெதுவாக உருட்டுங்கள். பிறகு 10 தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது, நுரை வந்தால் அளவு பிழைக்கும். இப்போது சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுதும் ஒரே சீராக வெள்ளையாக இருக்க வேண்டும். துணிக்கைகள் மிதந்தாலோ, அடியில் கட்டியாக நின்றாலோ, கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி படிந்ததுபோல் வெள்ளை ஒட்டியிருந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருந்தும் வீரியம் குறைந்திருக்கலாம். ஆகவே சந்தேகமான குப்பியை வைத்துக்கொண்டு மாத முடிவு வரை காத்திருக்காமல் இப்போதே கிளினிக்கில் சொல்லி மாற்றுங்கள்.

வெக்கையைப் பற்றி இப்போது தெளிவான ஆய்வுகள் இருக்கின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கென்யாவின் டகஹலே அகதி முகாமில் வெப்பநிலை இரவில் 25, பகலில் 37 பாகை என்று ஏறி இறங்கும். அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, பல வகை இன்சுலினை 4 வாரம் அதில் வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்த மருந்தோடு ஒப்பிட்டபோது இழப்பு 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் வந்தது. திறக்காத மனித இன்சுலின் (மனித உடலில் சுரப்பதைப் போலவே தயாரிக்கப்படும் வகை) 25 பாகை வரை 6 மாதமும், 37 பாகை வரை 2 மாதமும் சிகிச்சையைப் பாதிக்கும் அளவுக்கு வீரியம் இழப்பதில்லை என்பது அதன் முடிவு. அம்மாவின் 30/70 மனித இன்சுலின் வகைதான். பேனாவில் வரும் புது வகை இன்சுலின்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அவற்றின் உறையில் உள்ளபடியே நடவுங்கள்.

ஆனால் 37 பாகையை ஒரு தகரக் கூரை அறை கச்சான் மத்தியானத்தில் சுலபமாகத் தாண்டிவிடும். அதற்கு மண்பானை போதும். கச்சான் உலர்ந்த காற்று, ஈரப் பானையில் இருந்து தண்ணீரை வேகமாக உறிஞ்சும், உள்ளே குளிர்ச்சி உண்டாகும். தேவை கூடிய மாதங்களில்தான் பானையும் நன்றாக வேலை செய்கிறது என்பது நமக்குக் கிடைத்த வசதி. வாடைக்காற்று மாதங்களில் ஈரப்பதம் கூடுவதால் பானை அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு.

பூச்சு, வர்ணம் இல்லாத இரண்டு பானைகள் வேண்டும். சின்னது பெரியதற்குள் போனபின் சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அடியிலும் இடைவெளியிலும் ஆற்று மணலை நிரப்புங்கள். கடற்கரை மணல் கூடாது. அதன் உப்பு பானையின் நுண்துளைகளில் படிந்து அடைத்துவிடும், சில வாரத்தில் பானை குளிர்வது நின்றுவிடும். உவர்க் கிணற்றுத் தண்ணீராலும் இதே கதிதான். வெளிப்புறத்தில் வெள்ளை பூத்தால் நல்ல தண்ணீரில் உரசிக் கழுவுங்கள். மணலைக் காலையும் பின்னேரமும் நனையுங்கள். குப்பியை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வையுங்கள், இல்லாவிட்டால் லேபிள் நனைந்து உரியும். மேலே ஈரத்துணி. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், அடுப்புக்குத் தள்ளி, தரையில் படாமல் ஒரு தாங்கியில் பானையை நிறுத்துங்கள். உள்ளே ஒரு சாதாரண வெப்பமானி போட்டுவைத்து மத்தியானம் 2 மணிக்குப் பாருங்கள். 30 பாகைக்குக் கீழே நின்றால் நல்லது.

திறக்காத குப்பிகளை அயலவர் ஃபிரிட்ஜில் கேட்டு வைக்கலாம். நடுத்தட்டில், முன்பக்கமாக, ஒரு டப்பாவுக்குள். பாவனையில் உள்ளதை மட்டும் பானையில் வையுங்கள். திறந்த திகதியைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள். 10 மில்லிலீற்றர் குப்பியில் 1000 அலகு இருக்கும், நாளைக்கு 32 அலகென்றால் 31 நாளுக்கு வரும். திறந்தபின் எத்தனை நாள் என்பது உறையில் இருக்கும், பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். 4 வாரம் என்றிருந்தால் மிஞ்சும் நூறு அலகை இரக்கப்படாமல் கழியுங்கள். கிளினிக்கில் இருந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்திலோ மருந்தை வைக்க வேண்டாம். ஈரத்துணி சுற்றிய டப்பாவாக மடியில் இருக்கட்டும்.

மருந்து நன்றாக இருந்தும் சீனி ஏறலாம். முதலில் அம்மாவின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தக் குத்த தோலுக்கடியில் கொழுப்புத் தடிக்கும், அங்கே போட்ட இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. 2013இல் ஸ்பெயினில் வெளியான ஓர் ஆய்வில் இன்சுலின் போடுவோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்தத் தடிப்பு இருந்தது. தடித்த இடத்தை விட்டு, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, முந்திய துளையில் இருந்து ஒரு விரல் அகலம் விலக்கிப் போடுங்கள். 30/70 என்றால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு.

சிறிஞ்சையும் பாருங்கள். இங்கே கிளினிக் குப்பிகள் பொதுவாக மில்லிலீற்றருக்கு 100 அலகு, அதற்குரிய சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள். இந்தியாவில் இருந்து உறவினர் கொண்டுவரும் சிவப்பு மூடிச் சிறிஞ்ச் 40 அலகு மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 அலகு. உயிருக்கே ஆபத்து.

அளவைக் கூட்ட வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கும் இதே ஆபத்துத்தான் காரணம். வீரியம் குறைந்த மருந்துக்கோ தடித்த தோலுக்கோ ஏற்ப அளவைக் கூட்டிவிட்டு, பிறகு புதுக் குப்பியையோ புது இடத்தையோ தொடங்கினால் சீனி திடீரென்று விழும். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு கண்டால் அளந்து பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால், அல்லது அளக்க வழியில்லை என்றால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள், ஏறியபின் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மறுபக்கம், சீனி 300க்கு மேல் நின்று வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

புதுக் குப்பி தொடங்கிய முதல் 3 நாளும் காலைச் சாப்பாட்டுக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் அளந்து, கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். அளவை மாற்றுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். போகும்போது பழைய குப்பியையும் வீட்டில் பாவிக்கும் சிறிஞ்சையும் கையோடு கொண்டுபோங்கள். தாதிக்கு முன்னால் அம்மாவையே ஒரு தடவை ஊசி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.