பல்கலைக்கழகத்தில் ஆன்மப் பணி – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கத்தோலிக்கர் நடத்தாத ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறேன். பக்கத்துப் பங்குத்தந்தையே எங்களுக்கு ஆன்ம குரு (சாப்ளின்). கத்தோலிக்க மாணவர் குழுவைக் கவனிப்பது என் பொறுப்பு. கல்வியாண்டின் முதல் ஞாயிறு திருப்பலிக்கு நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். இரண்டாம் மாதம் முப்பது. ஆண்டு முடிவில் பாடகற்குழு மட்டும் மிஞ்சுகிறது. நல்ல இசைக்கருவிகள் இருந்தால் நிற்பார்கள் என்கிறார்கள் மாணவர்கள். விவிலியச் சிறு குழுக்களும் தொடங்கிய வேகத்தில் நின்றுவிடுகின்றன. திருப்பலியைச் சனி மாலைக்கு மாற்றலாமா என்றும் ஒரு யோசனை. உங்கள் கருத்து?

– ஒரு வாசகர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

கிட்டாரைத் தள்ளிப்போடுங்கள். வந்தவர்களின் பெயர் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாக வந்த மாணவருக்குத் தான் வராமல் போனதைக் கவனிக்க ஒருவரும் இல்லையென்றால், மூன்றாவது ஞாயிறு அவர் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார். இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

முதல் திருப்பலியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுங்கள். பெயர், தொலைபேசி எண், பாடப்பிரிவு, எந்த ஆண்டு, விடுதியா வெளியிலா, உறுதிபூசுதல் பெற்றாயிற்றா, என்ன செய்ய விருப்பம் (வாசகம், பாட்டு, பீடப்பணி, ஏழைகள் பணி) – இவ்வளவு போதும். திருப்பலி முடிந்தபின் மேசையில் வைத்தால் பாதிப்பேர் எடுக்காமலே போய்விடுவார்கள். அறிவிப்பு நேரத்தில், உட்கார்ந்திருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். அடுத்த 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரையும் ஒரு மூத்த மாணவர் நேரில் பார்க்கட்டும், முடியாவிட்டால் போனில் கூப்பிடட்டும். ஒருவருக்கு எட்டுப் பெயர்களுக்கு மேல் கொடுக்காதீர்கள், செய்ய மாட்டார். அதே விடுதி, அதே துறை என்று பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டதைத் தொடர்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். அறிவிப்பு போய்ச் சேரும், ஆள் சேரமாட்டார்.

இரண்டாவது, உங்கள் குழு பங்கை (ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்ச் சமூகத்தை) போன்றதல்ல. பங்கில் ஒரு குடும்பம் நாற்பது ஆண்டுகள் இருக்கும். இங்கே ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. தேறிய தலைவர் கிடைத்துவிட்டார் என்று நீங்கள் மூச்சுவிடும்போது அவர் கடைசி ஆண்டில் இருப்பார். ஆகவே எந்தப் பொறுப்பையும் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் இளைய ஆண்டு மாணவர். புதிய பொறுப்பாளர்களை ஆண்டிறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே தேர்ந்தெடுத்து, பழையவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விடுங்கள். தேர்வு முடிந்தபின் கூட்டம் போட்டு ஒப்படைப்பது என்பது நடக்காத காரியம். பழையவர் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார், சாவியும் கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். அரங்கு முன்பதிவுக் கடிதத்தின் நகல், கணக்கு, கடவுச்சொற்கள், திருப்பலிப் பொருள்களின் பட்டியல், சென்ற ஆண்டின் நாள்காட்டி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாணவர் அமைப்புகளை ஆண்டுதோறும் மறுபதிவு செய்யச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் பல. அந்தத் தேதி தவறினால் அரங்கு கிடைக்காது, அறிவிப்புப் பலகையும் கிடைக்காது. அது மட்டும் உங்கள் நாள்காட்டியிலேயே இருக்கட்டும். (நியூமன் கிளப் என்ற பெயரில் கத்தோலிக்க மாணவர் குழுக்கள் உண்டு. அவற்றில் முதலாவது 1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்கள் மாணவர்கள்தான். உங்கள் மாணவர்களாலும் முடியும், பேராசிரியர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றால்.)

சிறு குழுக்கள் நிற்பதற்கு இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது. ஒன்று, முடிவுத் தேதி இல்லாமல் தொடங்குவது. ‘ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம்’ என்றால் மாணவர் வருவார். ‘இனி வாரந்தோறும்’ என்றால் முதல் உள்தேர்வோடு நழுவிவிடுவார், நழுவியவர் வெட்கத்தில் திரும்ப மாட்டார். இன்னொன்று, நடத்துபவர் மறையுரை ஆற்றுவது. ஆறிலிருந்து எட்டுப் பேர், வரும் ஞாயிறின் நற்செய்தி, இரண்டு முறை வாசிப்பு, மூன்று கேள்விகள். நடத்துபவர் மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் அந்தக் குழு ஏற்கெனவே வகுப்பாகிவிட்டது. தியானத்தை (செபத்துக்காக எல்லோரும் ஒதுங்கி இருக்கும் நாளை) நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் வைத்துவிட்டு, அதிலிருந்து குழுக்களைத் தொடங்குங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். அந்த நாள்களில் அமைதியாகப் படிக்க ஓர் அறையும் இரவில் குடிக்க ஏதாவதும் கொடுத்தால் போதும்.

பல்கலைக்கழக அரங்கில் திருப்பலி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மெழுகுதிரியாவது எரிய வேண்டும். அரங்கிலோ புகை உணர்கருவி இருக்கும், தீ வைக்கத் தடையும் இருக்கும். மறைவாக ஏற்றி, தூபமும் போட்டு, அலாரம் அடித்து முழுக் கட்டடத்தையும் காலி செய்ய வைத்தால் அடுத்த ஆண்டு அரங்கை மறந்துவிட வேண்டியதுதான். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது அரங்கில் நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) வைத்திருக்கக் கூடாது. வந்தவர்களை எண்ணி அப்பம் வையுங்கள், மிஞ்சியதை அங்கேயே உட்கொண்டுவிடலாம், அல்லது ஃபாதர் பங்குக் கோவில் பேழைக்கு எடுத்துச் செல்லட்டும்.

ஒப்புரவு அருளடையாளத்தை (பாவசங்கீர்த்தனத்தை) ‘எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று அறிவித்தால் யாரும் கேட்பதில்லை. திருப்பலிக்கு 45 நிமிடம் முன்பு, வாரந்தோறும், ஒரே இடத்தில், தட்டி மறைப்போடு குரு உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் ஆலோசனையையும் கலக்கவே கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து குரு யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, நிர்வாக முடிவும் எடுக்க முடியாது. தன்னை மாய்த்துக்கொள்ள நினைக்கும் மாணவர் அங்கே மட்டும் பேசிவிட்டுப் போனால் குருவின் கை கட்டப்பட்டுவிடும். வெளியே வந்து இதை மறுபடி என்னிடம் பேசு என்று அவர் அங்கேயே அந்த மாணவரைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். மற்ற பொறுப்பாளர்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுங்கள்: சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேள், ஆமென்றால் தனியே விடாதே, பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ கூடவே நட. செபம் அதன் பிறகு. தனிச் சந்திப்புகள் கண்ணாடி வைத்த கதவுக்குள்ளேயே நடக்கட்டும்.

திருமுழுக்குக் கேட்டு வரும் மாணவர் இருந்தால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆயத்தத்தைத் தொடங்குங்கள். உயிர்ப்பு விழாவையொட்டித்தான் திருமுழுக்கு வழக்கமாக நடக்கும். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். விடுமுறையிலோ தேர்விலோ விழுகிறதா என்று முதல் வாரமே பாருங்கள். 14 வயது நிறைந்தவர்களின் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உங்கள் குழு பங்கு அல்ல என்பதால் பதிவு, பங்குப் பதிவேட்டில்தான். இதை மறந்தால் பத்து ஆண்டு கழித்து, திருமணத்துக்குச் சான்றிதழ் தேடி அந்த மாணவர் அலைவார்.

உங்கள் கடிதத்தில் மாணவர் மட்டுமே இருக்கிறார்கள். பட்டம் வாங்கிப் போகாதவர்கள் பேராசிரியர்கள், அலுவலகத்தார், விடுதிச் சமையல்காரர்கள், இரவுக் காவலர்கள். ஆண்டுக்கு ஆண்டு நினைவைத் தாங்குபவர்கள் அவர்களே. ஆய்வகத்தில் இரவு பகல் பாராமல் கிடக்கும் ஆய்வு மாணவர்களையும், குழந்தையோடு வரும் திருமணமானவர்களையும் விட்டுவிடாதீர்கள். மதிய இடைவேளையில் முப்பது நிமிடத்தில் முடியும் ஒரு வார நாள் திருப்பலி, இவர்களுக்கு ஞாயிறைவிட உதவும்.

சனி மாலை: சட்டப்படி தடையில்லை. முந்தின நாள் மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை, அதாவது ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமையை, நிறைவு செய்யும் (திருச்சபைச் சட்டம் 1248). ஆனால் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் மாணவர் உங்களிடம் நிறைய இருந்தால் சனி மாலை விடுதி காலி. அவர்கள் திரும்பிவரும் ஞாயிறு இரவு ஏழு மணிதான் சரி. அதில் உங்கள் ஃபாதருக்குத்தான் சிக்கல். ஞாயிறில் மூன்று திருப்பலி வரை நிறைவேற்ற ஆயரின் அனுமதி வேண்டும், நான்காவதற்கு அனுமதி தர ஆயராலும் முடியாது. பங்கில் அவர் ஏற்கெனவே எத்தனை வைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். மூன்று என்றால், வேறொரு குருவைத் தரும்படி ஆயருக்கு எழுதலாம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிலையாக நியமிக்கப்பட்ட குருக்கள் வழியாகவாவது ஆன்மப் பணி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டம் 813 ஆயரைத்தான் கேட்கிறது. கடிதத்தோடு அந்த அட்டைகளின் எண்ணிக்கையையும் இணையுங்கள்.