சிபாப் வேண்டாம், ஆக்ஸிஜன் மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பல வருடப் புகைப்பழக்கத்தால் வந்த சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோய்க்கு இன்ஹேலர் எடுக்கிறார். குறட்டை அதிகமாகி, தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறது என்று, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்தார்கள். நள்ளிரவில் ‘மூச்சு முட்டுது’ என்று மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். காலையில் தலைவலியோடுதான் எழுகிறார். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு தூங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்தக் காலைத் தலைவலிதான்.

மணிக்கு 30 முறைக்கு மேல் தடைபட்டாலே அது தீவிரமான ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு, மூச்சு திரும்பியதும் ஆக்ஸிஜன் அளவு சட்டென்று மேலே வந்துவிடும். உங்கள் கணவரின் நுரையீரலுக்கு ஏற்கெனவே அந்தக் கையிருப்புத் திறன் குறைவு. அதனால் அளவு ஆழமாக இறங்கி, மெதுவாகத்தான் ஏறும். கனவு காணும் தூக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் கழுத்து, மார்புத் தசைகளையும் சேர்த்துத்தான் மூச்சை இழுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவை ஓய்ந்துவிட, உதரவிதானம் மட்டும் தனியாகப் பாடுபடுகிறது. இது இரவுக்கு இரவு தொடர்ந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். சாயங்காலம் அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, ஆக்ஸிஜன் மட்டும் ஏன் போதாது? அது தொண்டையைத் திறந்து வைக்காது. விரலில் மாட்டும் மீட்டரில் எண் அழகாக ஏறும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் மூச்சு சரியாக வெளியேறாததால் தேங்கும் கரியமில வாயுவை அந்த மீட்டர் காட்டாது. ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் சிலருக்கு மூச்சுத்தடை நீண்டு, அந்த வாயு இன்னும் ஏறிவிடும். காலைத் தலைவலிக்கு அது ஒரு முக்கியக் காரணம். எனவே மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பகலிலேயே கரியமில வாயு கூடுதலாக இருந்தால், சிபாப்புக்குப் பதில் பைபாப் தேவைப்படலாம். அது உள்ளிழுக்கும்போது அதிக அழுத்தமும் வெளிவிடும்போது குறைந்த அழுத்தமும் தரும். வெளிவிடத் திணறுகிறவர்களுக்கு அதுவே சௌகரியம். சிபாப் போட்ட பிறகும் ஆக்ஸிஜன் இறங்கினால், கருவியோடு ஆக்ஸிஜனையும் இணைத்துக் கொடுப்பதுண்டு. எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு மீட்டரில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு, 98 அல்ல.

அவர் மாஸ்க்கைக் கழற்றுவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நுரையீரலில் காற்று சிக்கிக்கொள்ளும் நோய் உள்ளவருக்கு, எதிரே காற்று அழுத்தினால் முட்டத்தான் செய்யும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகட்டும். அழுத்தம் மெல்ல ஏறும்படி கருவியில் ‘ராம்ப்’ வசதி இருக்கும், அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு மருந்து, வாய் உலர்ந்தால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர். கண்ணில் காற்று அடித்தால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை, சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். படுக்கும் முன் சளியை இருமி எடுத்துவிட்டு, இரவு இன்ஹேலரையும் முடித்துக்கொள்வது நல்லது.

தூக்கம் வரவில்லை என்று யார் சொன்னாலும் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மதுவும் கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும், மூச்சு உந்துதலையும் மழுக்கும். சிகரெட்? இன்னும் பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், இன்ஹேலரின் பலன் குறையும். ஆக்ஸிஜன் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் தீப்பிடிக்கும்.

பகலிலும் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே சி.ஓ.பி.டி., ஸ்லீப் ஆப்னியா இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய கருவியையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.