பழைய மாடல் ரயில் வாங்கப் போகிறீர்களா? அழுக்கை விடுங்கள், உலோகத்தைப் பாருங்கள்

கேள்வி: "வீட்டில் சின்னதாக ஒரு எச்ஓ (மாடல் ரயிலின் ஓர் அளவு) லேஅவுட், அதாவது தண்டவாள அமைப்பு, வைத்திருக்கிறேன், டிசி கன்ட்ரோலர். இதுவரை எல்லாமே புதிதாக வாங்கியவைதான். அடுத்த மாதம் முதல் தடவையாக ஒரு ஹாபி கண்காட்சிக்குப் போகிறேன். பழைய என்ஜின்கள் மேசை மேசையாகக் குவிந்திருக்கும் என்கிறார்கள். ஒன்றிரண்டு வாங்கி ஓட்டிப் பார்க்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஏமாறாமல் இருப்பது? அட்டைப்பெட்டியோடு இருந்தால்தான் வாங்க வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்குத்தான் என்றால் அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். அட்டைப்பெட்டிக்குப் பணம் கொடுப்பவர் அலமாரியில் அடுக்குகிற சேகரிப்பாளர். அவருக்கு அது நியாயமான செலவு, உங்களுக்கு அது தண்டம். அதே என்ஜின், அதே மோட்டார், பெட்டி தொலைந்துபோன ஒரே காரணத்துக்காகப் பக்கத்து மேசையில் கணிசமாகக் குறைந்த விலையில் கிடக்கும், அதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

கண்காட்சியில் நல்ல வேட்டை என்பது ஒரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: சரிசெய்யக்கூடிய குறை எது, யாராலும் சரிசெய்ய முடியாத குறை எது என்று கையில் எடுத்தவுடன் பிரித்துப் பார்க்கத் தெரிவது. தூசி, காய்ந்துபோன கிரீஸ், கறுத்த சக்கரம், அறுந்த ஒயர், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் தேய்ந்த கார்பன் பிரஷ், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் காணாமல் போனது, இதெல்லாம் ஒரு சாயங்காலத்து வேலை. ஆனால் இதைப் பார்த்துத்தான் புதிதாக வருபவர்கள் பயந்து கீழே வைத்துவிட்டு, பளபளப்பாகத் துடைத்து வைத்த, உள்ளே உலோகம் செத்துக்கொண்டிருக்கிற ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற காட்சி அது.

போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், உங்கள் தண்டவாளத்தில் எது ஓடும், எது ஓடாது என்பது. எச்ஓ என்றால் 1:87 அளவு, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ஓஓ 1:76 அளவு, ஆனால் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓடும், பக்கத்தில் நிறுத்தினால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். இதுவரை சிக்கல் இல்லை. மேர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் என்ஜின் வந்தால் கவனம். அவர்களுடைய பழைய எச்ஓ என்ஜின்கள் ஏசியில் ஓடுபவை, நடுவில் ஒரு தொடர்பு முனையிலிருந்து மின்சாரம் எடுக்கும், இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றோடொன்று மின்சாரம் கடத்தும். உங்கள் இரட்டைத் தண்டவாளத்தில் வைத்த நொடியே ஷார்ட் ஆகும். என்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் நீளமாக ஒரு வழுக்கும் தகடு இருந்தால் அது அந்த வகை. பிரிட்டனின் மெக்கானோ நிறுவனம் செய்த ஹார்ன்பி டப்லோவிலும் கவனம் வேண்டும்: 1938இல் அறிமுகமானபோது அது மூன்று தண்டவாளம், இரண்டு தண்டவாள வகை 1959இல்தான் வந்தது, அதனால் டப்லோ என்று பெயர் பார்த்து வாங்காதீர்கள், அடிப்பக்கம் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க நிறுவனமான லயனலின் பெரிய ஓ கேஜ் (அகலமான தண்டவாள) என்ஜின்கள் அழகோ அழகு, தூக்கினால் கைக்குள் ஒரு கனம் இருக்கும், ஆனால் உங்கள் தண்டவாளத்துக்குச் சம்பந்தமே இல்லை.

சரி, இப்போது உலோகத்துக்கு வருகிறேன், நான் நீளமாகப் பேச விரும்புவது இதைத்தான்.

பழைய என்ஜின்களின் அடிச்சட்டம், சக்கரம், சில நேரம் உடல் முழுவதுமே துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தவை. ஊற்றுகிறபோது கலவையில் மிகச் சிறிய அளவு ஈயம் கலந்துவிட்டால் போதும், பல வருடம் கழித்து உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கி, வார்ப்பு உள்ளிருந்தே வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். இதைத் துத்தநாக நோய் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள், இதற்கு மருந்து கிடையாது. பசை ஊற்றினாலும் பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டப்லோ என்ஜின்களிலும், அதே மெக்கானோ நிறுவனத்தின் டிங்கி பொம்மைக் கார்களிலும் இது பேர்போனது. பழசில் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். ஹார்ன்பியின் கிளாஸ் 31 டீசல் 2000க்குப் பிறகு வந்த மாடல், அதன் அடிச்சட்டம் இதே காரணத்தால் வளைந்து வெடித்த கதை பிரிட்டிஷ் மாடல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் வைத்தால் மற்ற என்ஜினுக்கும் தொற்றிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள், தொற்றாது. அந்த வார்ப்பை ஊற்றிய நாளிலேயே அதன் விதி முடிவானது. அதனால்தான் ஒரு நல்ல செய்தியும் உண்டு: எழுபது வருடம் கடந்தும் ஒரு வார்ப்பு நேராக, விரிசல் இல்லாமல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது இனிமேலும் அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்ன டார்ச்சும் லென்ஸும் எடுத்துப் போங்கள். என்ஜினை மேசையில் வைத்துக் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள், அடிச்சட்டம் வாழைப்பழம் போல வளைந்திருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். மேல் உடலின் இரண்டு முனைகளையும் உள்ளே இருக்கும் சட்டம் வெளியே தள்ளுகிறதா, பெயின்ட் காரணமில்லாமல் கொப்புளித்திருக்கிறதா, அடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா, மூலைகளில் சாம்பல் நிறப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். ஒரு இடத்தில் மட்டும் சிக்கினால் சக்கரம் வீங்கியிருக்கலாம். அட்டைப்பெட்டியோடு, ஓட்டவே ஓட்டாமல் வைத்திருந்தது என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கும் இந்தச் சோதனை உண்டு, சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் அதைப் பல வருடமாக யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பித்தளை மாடல்களுக்கு, அதாவது ஜப்பானில் கையால் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அந்த எச்ஓ என்ஜின்களுக்கு, உடலில் இந்த நோய் வராது. ஆனால் மோட்டார் பழசு, கியர் பழசு. கிடைத்தால் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மோட்டாருக்கு வருவோம். நிறைய கண்காட்சிகளில் ஒரு சோதனைத் தண்டவாளம் போட்டு வைத்திருப்பார்கள், இருந்தால் விற்பவரிடம் கேட்டு அங்கே கொண்டுபோய் ஓட்டுங்கள். இல்லை என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் போதும். டிசி என்ஜினின் இரண்டு பக்கச் சக்கரங்களிலும் ஒவ்வொரு ஒயராகத் தொட்டால் மோட்டார் சுழல வேண்டும், குறைந்தது துடிக்கவாவது வேண்டும். விற்பவரிடம் கேட்காமல் தொடாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தெரிந்தவர்களுக்குத்தான் லாபம். நிலக்கரி வண்டி, அதாவது டெண்டர், இணைந்த பல நீராவி என்ஜின்களில் ஒரு பக்க மின்சாரத்தை என்ஜினும் மறுபக்க மின்சாரத்தை டெண்டரும் எடுக்கும். டெண்டரைக் கழற்றி வைத்துவிட்டு 'ஓடவில்லை, உதிரிபாகத்துக்கு' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் சில என்ஜின்கள் டெண்டரை மாட்டியதும் ஓடக்கூடியவை. ஓடாததற்கு இன்னொரு காரணம் வெறும் காய்ந்த கிரீஸ். மோட்டார் முனகுகிறது, சக்கரம் அசையவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். ஆனால் மூக்கின் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் சுருள் கருகியிருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள்.

ஓடுகிறபோது சீராக ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்டால் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் கியர் பிளந்திருக்கலாம். மாற்றுக் கியர் கிடைக்கிற மாடலா என்று முதலில் கைபேசியில் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். ரிவரோசி என்ற இத்தாலிய நிறுவனத்தின் பழைய என்ஜின்களில் வேறொரு விஷயம், சக்கர விளிம்பு ரொம்ப ஆழம். உங்கள் தண்டவாளம் இப்போது வருகிற தாழ்வான கோட் 83 வகை (கோட் எண் தண்டவாளத்தின் உயரத்தைக் குறிக்கும்) என்றால் அந்த விளிம்பு கட்டைகளில் இடித்துத் தடதடவென்று போகும். உயரமான கோட் 100 என்றால் கவலையில்லை. வீட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கையோடு ஒரு அரையடித் தண்டவாளத் துண்டை எடுத்துப் போனால் இன்னும் நல்லது, இடைவெளி, விளிம்பு இரண்டையும் அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

போலிகளைப் பற்றி. ஓட்டுவதற்கு வாங்குகிற உங்களுக்கு இது பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் போலி செய்பவர் அபூர்வமானதைத்தான் செய்வார். லயனல் 1957இல் சிறுமிகளுக்காக என்று ரோஜா நிற என்ஜினோடு ஒரு செட் வெளியிட்டது, அப்போது சரியாக விற்கவில்லை, அதனாலேயே இப்போது அபூர்வம், அதனாலேயே சாதாரண கறுப்பு என்ஜினுக்கு ரோஜா நிறம் பூசி விற்றவர்களும் உண்டு. நிறம் மட்டுமே ஒரு பொருளின் விலையை ஏற்றுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். மறுபடி பூசியதைக் கண்டுபிடிக்க ரிவெட் புள்ளிகளைப் பாருங்கள், மழுங்கியிருக்கும். திருகாணிகளின் பள்ளம் கீறியிருக்கும். தகடுகளைப் பிணைக்கும் மடக்கு நாக்குகள் இரண்டாம் முறை மடித்த தழும்போடு இருக்கும். அடியில் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டைக் காட்டி 'பார்த்தீர்களா, எவ்வளவு பழசு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது காப்புரிமை வாங்கிய ஆண்டு, அந்த என்ஜின் செய்த ஆண்டு அல்ல. விலைச் சீட்டில் சி-6, சி-8 என்றெல்லாம் எழுதியிருந்தால் அது அமெரிக்காவின் டிரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷன் வகுத்த தர எண். 10 என்றால் குறையே இல்லாதது, 8 புதிது போன்றது, 6 மிக நன்றாக இருப்பது, 4 பரவாயில்லை ரகம். அந்த எண் தோற்றத்துக்குத்தான். எழுதுபவர் விற்பவரே என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேரம் பற்றியும் கேட்பீர்கள். அபூர்வமானது வேண்டும் என்றால் கதவு திறக்கிறபோதே உள்ளே இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லா மேசையையும் பாருங்கள், ஒரே மாடல் மூன்று இடத்தில் மூன்று விலையில் இருப்பது சர்வ சாதாரணம். இணையத்தில் விலை பார்க்கிறபோது ஒருவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைவிட மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகளைக் கிளற எனக்குப் பிடிக்கும், உங்களுக்கும் அங்கேதான் வேலை. குறையைச் சொல்லி விலை குறைக்கலாம், பொருளை மட்டம்தட்டிக் குறைக்கக் கூடாது; அந்த மேசையில் இருப்பது பலநேரம் அவர் அப்பாவின் சேகரிப்பாகவோ, அவரே விட மனமில்லாமல் விற்பதாகவோ இருக்கும். என்ஜின், இரண்டு வேகன், கொஞ்சம் உதிரிபாகம் என்று சேர்த்து எடுத்துக்கொண்டு மொத்தமாக எவ்வளவு என்று கேளுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில், எல்லாவற்றையும் திரும்பக் கட்டித் தூக்கிப்போக வேண்டுமே என்ற அலுப்பு வந்தபிறகு, பதில் இன்னும் இனிமையாக இருக்கும். ரொக்கமாக வைத்திருங்கள்.

பழைய டிரான்ஸ்பார்மரை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கி அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே ஒயர் வெறுமையாக இருக்கலாம், இதில் விளையாட்டே கிடையாது. உங்களிடம் இருக்கிற கன்ட்ரோலர் போதும். பழைய தண்டவாளமும் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் நாள் முழுக்கக் கிளறிய கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குழந்தைகளின் கைக்கு அப்படியே கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஓட்டத் தோன்றும், அன்றைக்கு வேண்டாம். பழைய கிரீஸை வழித்து, சக்கரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, அச்சுகளில் ஊசி முனையளவு எண்ணெய் விடுங்கள். உடலில் இருக்கும் எழுத்துகள் மேல் ஆல்கஹால் படக் கூடாது, ஒரே துடைப்பில் பெயரும் எண்ணும் போய்விடும். அந்தக் கால மோட்டாரைச் சும்மா ஆர்வத்துக்குப் பிரிக்காதீர்கள், நடுச் சுருளை வெளியே எடுத்தால் அந்தப் பழைய வகைக் காந்தத்தின் வலிமை குறைந்துவிடும். அப்புறம் குறைந்த வோல்ட்டில், பெட்டி எதுவும் மாட்டாமல், முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று ஓட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி மோட்டார் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் தொடரலாம். விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு கார்பன் பிரஷ்ஷையும் அது உரசுகிற கம்யூட்டேட்டரையும் பாருங்கள்.