பதில்: குழந்தைக் கிமோனோவின் முதுகில் கோணல் தையல், பிரித்துவிடலாமா?

ஐயோ, கத்தரியைக் கீழே வையுங்கள்! ஜப்பானின் கியோட்டோவில் வாங்கிய சிவப்புப் பட்டுக் கிமோனோவில் (அந்நாட்டு மரபு அங்கி), கழுத்துக்குக் கீழே யாரோ கிழிசலைத் தைத்து நூலை வெட்டாமல் விட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கிழிசல் இல்லை. செமாமோரி, அதாவது முதுகுக் காவல்.

பெரியவர்களின் கிமோனோவில் நடுமுதுகில் ஒரு தையல் இறங்கும். பின்னாலிருந்து வரும் கெட்டதை அது தடுக்கும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. கைக்குழந்தையின் உடைக்கு துணியின் ஒற்றை அகலமே முதுகு முழுவதற்கும் போதும் என்பதால் அந்தத் தையல் இருக்காது. அதற்கு ஈடாகத் தாயோ பாட்டியோ போடுவதுதான் இது. சிலவற்றில் மாதத்துக்கு ஒன்றாக 12 தையல் இருக்கும், எண்ணிப் பாருங்கள். தொங்கும் நூலும் மறதியில் விட்டதல்ல: குழந்தை அடுப்பில் விழப்போனால் சாமி பிடித்துத் தூக்க ஒரு பிடி வேண்டாமா? எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நூல்தான்.

ஆண் குழந்தைகளின் கறுப்புக் கிமோனோவில் பருந்து, போர்த் தலைக்கவசம் எல்லாம் வரும். அதில் முதுகில் குலச்சின்னம் இருந்தால் அதுவே காவல். உங்களுடையதில் இருக்கும் நூல்பந்து தெமாரி; வாழ்க்கை உருண்டையாக, முரண்டில்லாமல் ஓடட்டும் என்ற வாழ்த்து.

கிமோனோவில் உள்ள நீள நாடாக்கள் குழந்தைக்குக் கட்ட அல்ல. பிறந்து ஒரு மாதம் வாக்கில் கோயிலுக்குப் போகும்போது, பிள்ளையை ஏந்திய பாட்டி கிமோனோவை மேலே போர்த்தி, நாடாக்களைத் தன் முதுகில் முடிந்துகொள்வார்.

தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள், பட்டு சுருங்கிவிடும். மாட்டுவதானால் முதுகுப்பக்கம் தெரிய மாட்டுங்கள், வெயில் படாத சுவரில்.