சாமந்தியை வரைஞ்சா அபசகுனமா?

கேள்வி: எங்க ஏரியால சாவு ஊர்வலம் போனா ரோடு பூரா சாமந்தியும் ரோஜா இதழும் இறைஞ்சு கிடக்கும். ஒம்போதாவது படிக்கிற என் பொண்ணு அதைத்தான் ஸ்கூல் ஓவியப் போட்டிக்கு வரைஞ்சிருக்கா. அபசகுனம், வேற பூ வரையச் சொல்லுன்னு மாமியார் சொல்றாங்க. படத்துல பூவுக்குன்னு மாறாத அர்த்தம் ஏதாச்சும் இருக்கா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லம்மா, இல்லவே இல்ல. மொதல்ல அந்தப் படத்தை அப்படியே போட்டிக்கு அனுப்புங்க. அதே சாமந்தி ஆடி மாசத்துல அம்மன் கழுத்துல மாலையா இருக்கும்போது யாரும் அபசகுனம்னு சொல்றதில்லையே. ஜப்பான்ல 16 இதழ் சாமந்திதான் அரச குடும்பத்து முத்திரை. சீனாவுல அது குளிர்லயும் பூக்குதேன்னு, வளைஞ்சு குடுக்காத மனுஷனுக்கு அடையாளமா மூங்கிலோட சேர்த்து வரைவாங்க. பிரான்ஸ் போனா நவம்பர்ல கல்லறையில வைக்கிற பூ.

சூரியகாந்தி கதை இன்னும் பெருசு. அமெரிக்காவுல இருந்து 16ஆம் நூற்றாண்டுலதான் அது ஐரோப்பாவுக்கே வந்துச்சு, சூரியன் பக்கம் திரும்புற பூங்கிறதால ராஜா முகத்தையே பாக்குற விசுவாசம்னு ஆக்கிட்டாங்க. வான் டைக் 1630கள்ல தன்னையே வரைஞ்ச படத்துல ஒரு கை தங்கச் சங்கிலியைப் புடிச்சிருக்கும், இன்னொரு கை சூரியகாந்தியைக் காட்டும், அவர் அப்போ இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸோட ஓவியர். 1888ல ஓவியர் வான்கோ கைக்கு வந்தப்போ அதுல ராஜா கிடையாது, வரப்போற நண்பர் கோகன் தங்குற ரூம்ல மாட்டத்தான் வரைஞ்சார், இதழ் உதிர்ந்து தலை தொங்கின பூவையும் விடல, பின்னாடி ஒரு கடிதத்துல அது நன்றின்னு எழுதினார். சீனாவுல தலைவர் மாவோ காலத்து போஸ்டர்ல மாவோதான் சூரியன், ஜனங்க சூரியகாந்தி. அந்தக் காலத்துல வளந்த சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்து ஹால்ல பூவையே விட்டுட்டு, பீங்கான்ல செஞ்ச சூரியகாந்தி விதை ஏறக்குறைய 10 கோடியைத் தரையில கொட்டினார், எல்லாம் ஆளுங்க உக்காந்து கையால வண்ணம் தீட்டினது, தூரத்துல இருந்து பாத்தா ஒரே சாம்பல் கலர் தரை, குனிஞ்சா ஒரு விதை மாதிரி இன்னொண்ணு இல்ல. எனக்கு இந்த எல்லாத்துலயும் அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் பொண்ணை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை லீவு. ஆந்திராவுல இருக்கிற அமராவதியில இருந்து வந்த கல்லுல தாமரையை பெரிய பெரிய வட்டமா செதுக்கியிருப்பாங்க. உங்க வீட்டு காலண்டர்ல லட்சுமி நிக்கிறாங்களே, அதே தாமரைதான், ஆனா அங்க அது புத்த ஸ்தூபியோட சுத்துவேலி. மாமியாரும் கூட வரட்டும், அவங்களுக்குத் தெரிஞ்ச பூக்கதையும் நிறைய இருக்கும், பொண்ணு கேட்டு வரைஞ்சுக்கட்டும்.