மதியத்தில் போங்கள், விலையைக் கேளுங்கள்: பெங்களூரு பெரிய ஓட்டல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பெங்களூரு நட்சத்திர ஓட்டல்களின் சாப்பாட்டுக் கூடங்களில் பரிமாறும் ஸ்டூவர்டாகத் தொடங்கி, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனாகி, மேலாளராக முடித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள். இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: பெரிய இடத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஆனால் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. நியாயமான ஆசை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது திருமண நாள். என்னையும் கணவரையும் சேர்த்து நான்கு பேர். ஒரு நட்சத்திர ஓட்டலில் அவர்களைச் சாப்பிட வைக்க ஐந்தாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா, ஆசையை விட்டுவிடலாமா?
– ஊத்தங்கரையிலிருந்து ஓர் ஆசிரியை

விடாதீர்கள், அம்மா. இரவுச் சாப்பாட்டுக்கு இந்தத் தொகை இழுபறிதான். வார நாளின் மதியத்துக்கு, நான்கு நட்சத்திரத் தரமுள்ள ஓட்டல்களிலும் தனியாக நடக்கும் நல்ல உணவகங்களிலும் நிறைவாகச் சாப்பிடலாம். உச்சியில் இருக்கும் சில ஓட்டல்களுக்குப் போதாது. அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மதியம் ஏன் மலிவு என்று கேட்பீர்கள். இரவில் மேசைகள் தானாக நிரம்பும். மது அருந்துவோர் வருவதால் பில்லும் ஏறும். மதியத்தில் அதே சமையல்காரர், அதே அடுப்பு, அதே சம்பளம். பாதி மேசைகள் காலி. அதை நிரப்பத்தான் அலுவலகக்காரர்களை நினைத்து ‘செட் லஞ்ச்’ வைக்கிறார்கள்: ஒரு சூப் அல்லது ஸ்டார்ட்டர் (முதலில் வரும் சிற்றுணவு), ஒரு முக்கிய உணவு, ஓர் இனிப்பு, ஒரே விலை. இது பல இடங்களில் மெனு கார்டில் இருக்காது, கேட்டால்தான் வரும். முன்பதிவுக்குப் போன் செய்யும்போதே, “மதியம் செட் லஞ்ச் உண்டா, வரி சேர்த்துத் தலைக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள்.

செட் லஞ்ச் இல்லாவிட்டால் தனித்தனியாக ஆர்டர் செய்யுங்கள். நான்கு பேருக்கு ஒரு ஸ்டார்ட்டர், இரண்டு குழம்பு வகை, தேவைக்கு ரொட்டி, ஒரு சாதம், இரண்டு இனிப்பு. ஒரு கிண்ணக் குழம்பு பெரும்பாலும் இருவருக்கு வரும். “இது எத்தனை பேருக்குப் போதும்?” என்ற கேள்விக்குக் கேப்டன் உண்மையான பதிலே சொல்வார். பாதித் தட்டு மீதியாகத் திரும்பி வருவதைப் பார்க்க எங்களில் யாருக்கும் பிடிக்காது.

பணம் ஒழுகும் இடம் பானங்கள். உட்கார்ந்ததும் “குடிக்க என்ன?” என்று கேட்பார்கள். கூச்சத்தில் நான்கு பேரும் ஆளுக்கொரு மாக்டெயில் (மது கலக்காத கலவைப் பானம்) சொல்லிவிட்டால் ஒரு முழுக் குழம்பின் விலை அங்கேயே போய்விடும். சில இடங்களில் இரண்டு குழம்பின் விலை. “தண்ணீர் போதும்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். மெனு விலையில் 3,600 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 18 சதவீத வரி 648, மொத்தம் 4,248. மெனு விலையோடு பத்து சதவீத சேவைக் கட்டணத்தையும் (பரிமாறியதற்கென்று ஓட்டல் சேர்க்கும் தொகை) நுழைத்தால், அதற்கும் சேர்த்து வரி போட்டு 4,673 ஆகிவிடும். திருமண நாள் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவையுங்கள். ஒரு சிறிய கேக்கோ, தட்டில் சாக்லேட்டால் எழுதிய வாழ்த்தோ அன்பளிப்பாக வைப்பது பல ஓட்டல்களின் வழக்கம். அதை நீங்களாகக் கேட்காதீர்கள். செய்தி போய்ச் சேர்ந்தால் போதும்.

பில்லில் சேர்க்கும் சேவைக் கட்டணம் கட்டாயமா? எடுக்கச் சொன்னதற்குப் பத்து நிமிடம் வாக்குவாதம் செய்ய வேண்டியிருந்தது. குழந்தைகள் முன் அவமானமாகிவிட்டது.
– தருமபுரி வாசகர்

கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: உணவகம் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்காதவரை உள்ளே விட மறுக்கவும் கூடாது. ஓட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பில் வந்த பிறகு வாதாடுவதைவிட, ஆர்டர் கொடுக்கும் முன்பே, “நாங்கள் சேவைக் கட்டணம் கொடுப்பதில்லை, பில்லில் சேர்க்க வேண்டாம்” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். மீறிச் சேர்த்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள் மட்டும். கட்டணத்தை எடுக்கச் சொன்னவர்கள், நன்றாகக் கவனித்த பரிமாறுபவரின் கையில் நூறு ரூபாயாவது கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். மதியம் முழுக்க அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருக்கிறான்.

ஓர் இடத்தில் 5 சதவீத ஜி.எஸ்.டி., இன்னோர் இடத்தில் 18. ஏமாற்றுகிறார்களா?
– ஓசூர் வாசகர்

இரண்டுமே சரிதான். தனி உணவகத்துக்கு 5 சதவீதம். தங்கும் அறையை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகைக்கு விடும் ஓட்டலின் வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். 3,000 ரூபாய்ச் சாப்பாட்டில் வித்தியாசம் 390 ரூபாய். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ‘வரி தனி’ என்ற குறிப்பு மெனு கார்டின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்கினார்கள். புகார் செய்யலாமா?
– பாலக்கோடு

இதில் புகார் நிற்காது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் அப்படி வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டிலைத் திறக்கும் முன், “வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் கொடுங்கள்” என்று கேளுங்கள். கொடுப்பார்கள்.

பஃபே எடுத்தால்தான் கொடுத்த காசுக்கு நியாயம் என்கிறார் மைத்துனர். உங்கள் கருத்து?
– பர்கூர்

எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாகச் சாப்பிடும் இளைஞர்கள் நான்கு பேர் போனால் பஃபே கட்டுப்படியாகும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வீண். காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடாக வைக்கும் ஞாயிறு ‘பிரஞ்ச்’தான் வாரத்திலேயே விலை கூடியது.

பஃபே மேசையின் பின்பக்கம் பல ஆண்டுகள் நின்றவன் சொல்கிறேன், கேளுங்கள். மூடி போட்ட பாத்திரத்துக்கு அடியில் வெந்நீர்; அதற்கும் அடியில் சின்ன நெருப்பு. பன்னிரண்டரைக்கு வைத்த பிரியாணி இரண்டு மணிக்கு அந்த ஆவியிலேயே குழைந்து, அடி அரிசி பிசுபிசுக்கும். மூடியைத் திறந்ததும் உள்பக்கத்திலிருந்து நீர்த்துளி சொட்டினால் அந்தப் பாத்திரம் நெடுநேரமாக இருக்கிறது என்று பொருள். பொரித்த மீன் அரை மணி நேரத்தில் தோல் தளர்ந்துவிடும். எண்பது வகை வைப்பதால் எதுவுமே அந்தச் சமையல்காரரின் சிறந்த கைவண்ணமாக இருக்காது.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் திறக்கும் நேரத்துக்கே போங்கள். முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சாதமும் ரொட்டியும் கடைசிக்கு. கண்முன்னே சுட்டுத் தரும் இடத்தில்தான் காசுக்குரிய பொருள் இருக்கிறது. குழந்தைகளுக்கு வயதுப்படி சலுகை பெரும்பாலும் உண்டு, முன்பதிவிலேயே கேளுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், முதல் முறை போகிறவர்கள் பஃபேயைத் தொட வேண்டாம். அடுப்பிலிருந்து நேராக வரும் ஒரே ஒரு கிண்ணம், உங்களுக்காகச் செய்தது, அதன் ருசி வேறு.

முள்கரண்டி, கத்தி பிடிக்கத் தெரியாது. ஆங்கிலமும் சரளமாக வராது. நண்பர்கள் அழைக்கிறார்கள், ஏதாவது தப்பு செய்துவிடுவேனோ என்று தவிர்த்துக்கொண்டே வருகிறேன்.
– காவேரிப்பட்டணம், கல்லூரி மாணவர்

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒருவர் நினைவுக்கு வந்தார். ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயி. மகனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அவனோடு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மெனு கார்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டி, “இதில் எதை உங்கள் வீட்டுக்காரர்களுக்கு வாங்கிக்கொண்டு போவீர்கள், தம்பி?” என்று தமிழில் கேட்டார். அத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மங்களூர் மீன் குழம்பும் நீர் தோசையும் என்றேன். “விலை? ஒன்று இரண்டு பேருக்குப் போதுமா?” என்றார். சொன்னேன். கையாலேயே சாப்பிட்டார், நீர் தோசையை இரண்டு விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, முள்ளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். திரும்பி வந்த தட்டைப் பார்த்துவிட்டுச் சமையல்காரர் வெளியே வந்து அவருக்கு வணக்கம் சொன்னார்.

நம் ஊர்ச் சாப்பாட்டைக் கையால் சாப்பிடுவது எந்தக் கூடத்திலும் தப்பில்லை. முடிந்ததும் எலுமிச்சைத் துண்டு போட்ட வெந்நீர்க் கிண்ணம் வரும். அது விரல் நனைக்க. மடித்த துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து போனால் நாற்காலியில் வையுங்கள். முள்கரண்டியையும் கத்தியையும் தட்டில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துப் போவார்கள். பிரித்து வைத்தால் தொடமாட்டார்கள். இவ்வளவுதான். பெங்களூருக் கூடங்களில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருப்பார். நம் மாவட்டத்துப் பிள்ளைகளே எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். சில இடங்களில் இரவில் ஆண்கள் அரைக்கால் சட்டையும் செருப்பும் அணிந்து வரக் கூடாது என்ற விதி உண்டு. உடை பற்றி முன்பதிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தைரியமாகப் போங்கள்.

செல்போன் செயலிகளில் ‘50 சதவீதம் தள்ளுபடி’ என்கிறார்களே, நம்பலாமா?
– கிருஷ்ணகிரி

நிபந்தனையைப் படித்தால் நம்பலாம். ஸ்விக்கி டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட், ஈஸிடைனர் ஆகியவற்றில் சலுகைகள் உண்மையிலேயே இருக்கின்றன. எந்த நாள், எந்த நேரம், பஃபேக்கும் செட் லஞ்சுக்கும் பொருந்துமா, அதிகபட்சம் எத்தனை ரூபாய், செயலி வழியாகத்தான் பணம் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் செட் லஞ்சின் மேல் இன்னொரு தள்ளுபடி வராது. இரண்டையும் கணக்குப் போட்டுக் குறைவானதை எடுங்கள். உட்காரும் முன்பே சலுகையைக் கேப்டனிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருவருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்தான் செலவழிக்க முடியும். வழி உண்டா?
– பென்னாகரம், புதுமணத் தம்பதி

உண்டு. 1924இல் தொடங்கிய லால்பாக் சாலை மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற எம்.டி.ஆர். இருக்கிறது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தவர்கள் இவர்கள்தான் என்று சொல்வார்கள். பசவனகுடி காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில், பரிமாறுபவர் மசால் தோசைத் தட்டுகளைக் கைமேல் அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. இரண்டில் எங்கே டிபன் சாப்பிட்டாலும் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் ஆகாது.

மீதியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் கேக் கடைக்குப் போங்கள். இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் அன்று செய்த கேக்குகளைப் பாதி விலைக்குக் கொடுக்கும் வழக்கம் பல ஓட்டல்களில் இருக்கிறது. காலையில் செய்த அதே கேக்தான்.

பகல் ஒரு மணிக்கு மேசையில் உட்கார வேண்டுமென்றால் எப்படிக் கிளம்புவது?
– கிருஷ்ணகிரி

நம் ஊரிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். நேரத்தைத் தின்பது கடைசி இருபதுதான். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் தடம் திறந்துவிட்டது. ஓசூரைத் தாண்டிப் பொம்மசந்திராவில் பஸ்ஸைவிட்டு இறங்கி மெட்ரோ ஏறினால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் காலுக்குக் கீழே போய்விடும். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடம், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் மாறினால் எம்.ஜி. ரோடு. எட்டரைக்குக் கிளம்புங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கவிருந்ததில் ஓர் இனிப்பு வாங்கலாம்.

மகன் ஒரு பெரிய இடத்துக்கு அழைத்துப் போனான். எலுமிச்சை அளவில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை, பக்கத்தில் இரண்டு துண்டு நாட்டுக்கோழி, எழுநூறு ரூபாய். என் கணவர் இன்னும் கோபமாக இருக்கிறார். இது நியாயமா?
– அரூர்

உங்கள் வீட்டுக்காரரின் கோபம் நியாயம்தான், அம்மா. களி கிண்டிய சூட்டிலேயே உருட்டித் தட்டில் விழ வேண்டிய உணவு. ஓட்டலில் மொத்தமாகக் கிண்டிச் சூட்டுப் பெட்டியில் வைத்து, ஆர்டர் வந்ததும் எடுத்து உருட்டுவார்கள். மேலே ஒரு தோல் கட்டிவிடும். தருமபுரிக்காரர் நாக்கு அதைக் கண்டுபிடிக்காமல் விடுமா?

பெரிய இடத்தில் நம் வீட்டு அடுப்பில் முடியாததைத்தான் கேட்க வேண்டும். தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடும் ரொட்டி. இரவு முழுக்கச் சிறு தணலில் வெந்து, காலையில் வெண்ணெய் சேரும் கறுப்பு உளுந்துப் பருப்பு. அன்று காலை கடற்கரையிலிருந்து வந்த மீன். மீனிலும் இறாலிலும் விலை போடாமல் ‘சந்தை விலை’ என்றிருந்தால், எடையையும் விலையையும் சொன்ன பிறகே சம்மதியுங்கள். ரெசிடென்சி சாலையில் 1990இல் தொடங்கிய கராவள்ளி போன்ற இடங்கள் கோவா, மங்களூர், கேரளக் கடற்கரைச் சமையலுக்கென்றே பெயர் பெற்றவை. நம் மலைக்கும் மேட்டுநிலத்துக்கும் எட்டாத ருசி அது.

அடுத்த முறை மகனிடம் சொல்லுங்கள்: மதியத்தில், ஒரு கிண்ணம் அந்தக் கறுப்புப் பருப்பு, மூன்று ரொட்டி, போதும். மகன் ஊருக்கு வரும் ஞாயிறு அன்று அப்பாவே துடுப்பைப் பிடித்துக் களி கிண்டட்டும்.